ஆர்பிஎம் கூட்டும் முன் ராட் போல்ட்டைப் பாருங்கள்

டிராக் காருக்கு இன்ஜின் கட்டும் பலரும் முதலில் கேம்ஷாஃப்டில்தான் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) காசைக் கொட்டுகிறார்கள், ஆனால் வேகம் கூடும்போது முதலில் திணறுவது ராட் போல்ட்டும் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடின் போல்ட்) வால்வை மூடும் வால்வ் ஸ்பிரிங்கும்தான். பிஸ்டனின் இழுவிசை ஆர்பிஎம்மின் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) வர்க்கத்தோடு ஏறுகிறது, அதாவது 6000-லிருந்து 8000-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும், விசையோ சுமார் 78 சதவீதம் கூடிவிடும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில், மேலே தள்ளிய பிஸ்டனை எதிர்த்து அழுத்த வாயு எதுவும் இல்லாத அந்த நொடியில், மொத்தச் சுமையும் போல்ட் மேல்தான். அதனால் நல்ல போல்ட் வாங்குங்கள், டார்க் ரென்ச்சை (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) மட்டும் நம்பாமல் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று கேஜ் வைத்து அளந்து முறுக்குங்கள்.

ஸ்பிரிங் வலுவில்லாவிட்டால் வால்வ் கேமை (கேம்ஷாஃப்டில் உள்ள மேடு) பின்தொடராமல் மிதக்கும், பிஸ்டனில் இடிக்கும். இன்ஜினை மூடும் முன் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, கையால் இன்ஜினை இரண்டு சுற்று சுற்றி வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள்.

அப்புறம் ஆயில் பேன், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும், தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும். ரெவ் லிமிட்டர் (ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறதே என்று இருக்காதீர்கள், தவறான கீழ் கியர் விழுந்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றும், அதை லிமிட்டரால் தடுக்க முடியாது.