உயிரியல் ஒலிம்பியாட்டுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு

வெள்ளவத்தையில் என் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது கேள்வித்தாள் அல்ல, ஓர் இறால். சந்தையில் தலையோடு நான்கைந்து வாங்கி, வெள்ளைத் தட்டில் வைத்து, சின்னக் கத்தரிக்கோலால் கால்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி வரிசைப்படுத்துங்கள். நடக்கும் கால்கள் 5 சோடி, நீந்தும் கால்கள் 5 சோடி. கையால் எண்ணியது பரீட்சை மண்டபத்தில் மறக்காது.

அடுத்தது றியோ (Rhoeo) என்ற அழகுச் செடியின் இலை. அதன் ஊதா நிற அடிப்பக்கத்தில் மெல்லிய தோலை உரித்து, உப்புக் கரைசலில் இட்டு, நுணுக்குக்காட்டியில் பாருங்கள். ஊதா நிறம் கலச்சுவரை விட்டு உள்ளே சுருங்கும். சுருங்கிய கலங்களையும் மொத்தக் கலங்களையும் எண்ணி வீதம் கணியுங்கள். கரைசலின் செறிவை மாற்றி மீண்டும் எண்ணி வரைபு கீறுங்கள். 1990 முதல் நடக்கும் சர்வதேசப் போட்டியில் எழுத்துப் பரீட்சையோடு செய்முறையும் உண்டு என்பதால் இதில் சோம்பல் கூடாது.

உயர்தரப் பாடத்தை நன்றாகப் படித்தால் அடித்தளம் கிடைக்கும். ஆனால் கேள்விகள் பெரும்பாலும் தரவை வாசிக்கச் சொல்பவை. மரபியலில், எண்ணிக் கிடைத்தது எதிர்பார்த்த விகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கைவர்க்கச் (χ²) சோதனையைக் கையாலேயே செய்து பழகுங்கள். 3:1 விகிதத்துக்குச் சுயாதீனப் படி (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 1, 5% மட்டத்தில் எல்லைப் பெறுமானம் 3.84; நீங்கள் கணித்தது இதைத் தாண்டினால் விகிதம் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள்.

சூழலியலுக்கு ஒரு ஞாயிறு காலை பெல்லன்வில சதுப்பு நிலத்துக்குப் போய் வாருங்கள். குறிப்புப் புத்தகத்தை மறக்காதீர்கள்.