நடுப்பலகையை விட்டுக்கொடுத்து ஆடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பள்ளி மாணவர் செஸ் போட்டிகளில், கறுப்புக் காய் கிடைத்ததும் ஜி6, பிஷப் ஜி7 என்று மடமடவென ஆடிவிடும் பிள்ளைகள் நிறைய (எழுத்தும் எண்ணும் காய் போய் நிற்கும் கட்டம்; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய்). யூடியூப் உபயம். ஐந்தாறு நகர்த்தல் தாண்டியதும் கை நின்றுவிடும்.

வெள்ளை இ4, டி4 என்று நடுவைப் பிடிக்கட்டும், அப்புறம் அதை உடைப்போம் என்பதுதான் ஹைப்பர்மாடர்ன் தற்காப்பின் கணக்கு. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வகைத் தொடக்கங்களான கிங்ஸ் இந்தியனில் இ5 அல்லது சி5, குரூன்ஃபெல்டில் சி5 என்ற அடி நேரத்துக்கு விழவேண்டும். விழாவிட்டால் வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேறி உங்கள் காய்களுக்கு மூச்சுவிட இடமிருக்காது.

1956-ல் நியூயார்க்கில் அமெரிக்க ஆட்டக்காரர் டொனால்ட் பைர்னுக்கு எதிராக, பின்னாளில் உலக சாம்பியனான பாபி ஃபிஷர் 13 வயதில் கறுப்பில் ஆடிய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். எல்லோரும் 17-வது நகர்த்தலில் அவர் ராணியை விட்டதைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட 13-வது முக்கியம்: குதிரை இ4 சிப்பாயைத் தின்கிறது. வெள்ளை ராஜா இன்னும் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவை ஓரமாக ஒதுக்குவது) செய்யாமல் நடுவிலேயே நிற்கிறது. நடு உடைந்ததும் இ-வரிசை திறந்து, செக் அதன் வழியாகவே வருகிறது.

இன்னொன்று, எத்தனை முறை சொன்னாலும் விழுகிற பொறி. 1.இ4 ஜி6 2.டி4 பிஷப் ஜி7 3.குதிரை எஃப்3 டி6 4.பிஷப் சி4. இங்கே கறுப்பு தன் குதிரையை டி7-ல் வைத்தால் கதை முடிந்தது. பிஷப் எஃப்7-ல் அடித்து செக். ராஜா அதைத் தின்றால் குதிரை ஜி5-ல் செக். ராஜா பின்வாங்கினால் குதிரை இ6-க்கு வந்து ராணியைப் பிடிக்கும், ராணிக்கு ஓட ஒரு கட்டமும் இல்லை. ராஜா எஃப்6-க்கு ஏறினால் வெள்ளை ராணி எஃப்3, மேட். நாலாவதாக இ6 அல்லது குதிரை எஃப்6 ஆடுங்கள், போதும்.

ஜி7 பிஷப்பைச் சும்மா மாற்றிக்கொள்வதும் தவறுதான். அது போனால் ராஜாவைச் சுற்றிக் கறுப்புக் கட்டங்கள் எல்லாம் ஓட்டை. வெள்ளை பிஷப் இ3, ராணி டி2 என்று வைத்தால் அடுத்தது பிஷப் எச்6 என்று புரிந்துகொள்ளுங்கள். கேஸ்லிங் முடிந்திருந்தால் யானையை முன்பே இ8-க்கு நகர்த்தி வையுங்கள். பிஷப் எச்6 வந்ததும் உங்கள் பிஷப்பை எச்8 மூலைக்கு இழுத்துக்கொள்ளலாம்.