தோசைக்கல்லில் சுட்ட அன்னாசி: இனிப்பும் காரமுமாய் ஒரு தொடுகறி

தயிர்சாதம், பிரியாணி, மீன் வறுவல், மட்டன் சுக்கா எதற்கும் பக்கத்தில் வைக்கலாம். பத்து நிமிட வேலைதான். ஆனாலும் பல வீடுகளில் இது சுட்ட பழமாக வராமல் வெந்த பழமாகவே வருகிறது. காரணம் தண்ணீர். அன்னாசியின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதுவரை சர்க்கரை சிவக்காது.

பழத்தை வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். அன்னாசி பறித்த பிறகு மேலும் இனிக்காது. வீட்டில் வைத்திருந்தால் தோல் மஞ்சளாகும், சதை இளகும், அவ்வளவே. அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். வாசனை வர வேண்டும், ஆனால் புளித்த நெடி கூடாது. அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்க வேண்டும். நன்றாகக் கனிந்து குழைந்த பழம் கல்லில் கரைந்துவிடும். அது ஜூஸுக்குத்தான் ஆகும். டப்பாவில் வரும் பழமும் வேண்டாம். பாகில் ஊறியிருப்பதால் உள்ளே சூடேறுவதற்குள் வெளியே கருகிவிடும்.

தோலைச் சீவி, கண்களைச் சாய்வாகக் கீறி எடுத்துவிட்டு ஒன்றரை செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். இதைவிட மெல்லியதாக இருந்தால் திருப்பும்போது பிய்யும். தடித்தால் நடு வேகாது. நடுத்தண்டை நீக்கிவிடலாம். பிறகு ஒவ்வொரு துண்டையும் சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டால் மற்ற எதுவும் கைகொடுக்காது.

நறுக்கிய பழம் அரை கிலோவுக்கு (நாலு பேருக்குத் தாராளம்) நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, வெல்லத்தூள் 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் முக்கால் தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் அரை தேக்கரண்டி. எண்ணெய் தவிர மற்றவற்றை 1 மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்துத் தனியே வையுங்கள். பழத்தில் இப்போதே தடவ வேண்டாம். உப்பு சாற்றை இழுத்துவிடும். வெல்லமும் மிளகாய்த்தூளும் பழம் சிவப்பதற்கு முன்பே கருகும். மிளகாய்த்தூள் கருகினால் வீடு முழுக்க இருமல்தான்.

இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் நாலைந்து நிமிடம் காய விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓட வேண்டும். எண்ணெயைத் தடவி, துண்டுகளை ஒரு விரல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நெருக்கினால் ஆவி போக வழியில்லாமல் பழம் சாற்றிலேயே வேகும். எல்லாம் கொள்ளாவிட்டால் இரண்டு தடவையாகப் போடுங்கள்.

மூன்று, நாலு நிமிடம் தொடாதீர்கள். தூக்கிப் பார்க்கும் ஆசைதான் இந்தப் பண்டத்தைக் கெடுப்பது. சிவந்த துண்டு தானாகக் கல்லை விட்டு வரும். ஒட்டிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். திருப்பிப் போட்டு இன்னும் 3 நிமிடம். சாறு கல்லில் தேங்கினால் தீயைக் கூட்டுங்கள், மூடி போடாதீர்கள். இரு பக்கமும் சிவந்ததும் அடுப்பை அணைத்து, குழைத்த மசாலாவை ஊற்றிப் புரட்டுங்கள். கல்லில் உள்ள சூடே வெல்லத்தை இளக்கிப் பழத்தில் ஒட்டவைக்கப் போதும். ஒட்டாமல் நீர்த்திருந்தால் சிறுதீயில் அரை நிமிடம்.

உடனே பீங்கான் தட்டுக்கு மாற்றுங்கள். அன்னாசியின் புளிப்பு இரும்பில் ஏறினால் பழம் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்; பழகிய கல்லின் பதமும் போகும். கழுவித் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் பூசி வைத்தால் மறுநாள் தோசை ஒட்டாது.

ஓவன் இருந்தால் 220 டிகிரியில் முன்சூடாக்கி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் பரப்பி, ஓவனின் மேல் அடுக்கில் வைத்து 20 முதல் 25 நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்ப வேண்டும். மசாலா கடைசி 3 நிமிடத்தில்.

தயிரில் கலந்து பச்சடியாக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. தயிரோடு சேர்ந்து நேரமானால் கசக்கும். நன்றாகச் சூடேறினால் அது செயலிழக்கும். ஆனால் மேலே சிவந்து நடுவில் பச்சையாக இருக்கும் துண்டில் மிஞ்சியிருக்கும். பச்சடிக்கு மட்டும், துண்டுகளை முதலில் 5 நிமிடம் ஆவியில் வைத்து, ஆறவிட்டு, ஈரம் ஒற்றிய பிறகு சுடுங்கள்.

இதே முறையில் நேந்திரம்பழம் சுட்டால் மசாலாவில் வெல்லம் வேண்டாம். கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழியலாம். செங்காய்ப் பதத்தில் உள்ள மாங்காய்க்கு வெல்லத்தை இரட்டிப்பாக்குங்கள். பப்பாளி அரைப்பழமாக இருக்க வேண்டும், பக்கத்துக்கு 2 நிமிடம் போதும். தர்பூசணி ஒத்துவராது.

மிஞ்சியதை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். சாறு விட்டிருக்கும், அதை வடித்துவிட்டு, எண்ணெய் இல்லாத சூடான கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். வடித்த சாறு மீன் வறுவலின் மேல் தெளிக்க நன்றாக இருக்கும்.