ஆசிய விளையாட்டுகளில் பெண்கள் பௌலிங்: நோட்டும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது எப்படி?

நம் வீடுகளில் பௌலிங் என்று சொன்னால் கிரிக்கெட் பந்துவீச்சுதான் நினைவுக்கு வரும். பந்தை உருட்டிப் பத்து பின்களை (குப்பி வடிவக் கட்டைகளை) வீழ்த்தும் பௌலிங்கைப் பெரிய மால்களில் பிறந்தநாள் விருந்துக்கு ஆடும் பொழுதுபோக்காக மட்டுமே பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆனால் 1978ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுகளிலேயே இது பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. காமன்வெல்த் விளையாட்டுகளில் 1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஒரே ஒரு முறை நடத்தப்பட்டபோது, ஆஸ்திரேலியாவின் காரா ஹனிசர்ச் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஆசியாவில் தென் கொரியா, மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான் ஆகிய நாடுகளின் பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் ஆடும் ஒரு போட்டியை நேரிலோ ஒளிப்பதிவிலோ பார்க்க உட்காருபவருக்கு முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அந்தச் சலிப்பு இருக்காது.

முதலில் போட்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014 இஞ்சியோன் போட்டிவரை ஒற்றையர், இரட்டையர், மூவர், ஐவர் அணி ஆகிய நான்கு பிரிவுகளிலும் ஒவ்வொரு வீராங்கனையும் ஆறு ஆறு ஆட்டங்கள் ஆடினார். அந்த 24 ஆட்டங்களின் கூட்டுத்தொகைக்கும் தனியாக ஒரு பதக்கம் இருந்தது. அந்தத் தொகையில் முன்னணியில் வந்தவர்கள், ஒரு நாட்டுக்கு இருவர் என்ற வரம்புக்கு உட்பட்டு, மாஸ்டர்ஸ் என்ற இறுதிச் சுற்றுக்குச் சென்றார்கள். ஆகவே முதல் நாள் ஒற்றையரில் பதக்கத்தைத் தவறவிட்டவரும் அங்கே சேர்த்த பின்களை இழந்துவிடவில்லை. இஞ்சியோன் போட்டியில் தென் கொரியாவின் லீ நா யங் நான்கு தங்கங்களைக் குவித்ததற்கு, நாள்தோறும் ஏறிய இந்தக் கணக்கும் ஒரு காரணம். 2018இல் பாலெம்பாங்கில் நடந்தபோது ஒற்றையரும் இரட்டையரும் நீக்கப்பட்டு, மூவர், அறுவர் அணி, மாஸ்டர்ஸ் ஆகியவை மட்டும் எஞ்சின. 2006 தோஹாவில் ஒற்றையர் தங்கம் வென்ற மலேசியாவின் எஸ்தர் சியா, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பாலெம்பாங்கில் மூவர் பிரிவில் மீண்டும் தங்கம் வென்றார். ஒற்றையர் நீக்கப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்து நோட்டில் பத்துக் கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். ஒரு கட்டம் ஒரு ஃப்ரேம். அதில் வீராங்கனைக்கு இரண்டு வாய்ப்புகள். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். அந்தப் பத்துடன் அடுத்த இரண்டு பந்துகளில் விழும் பின்களையும் கூட்ட வேண்டும். இரண்டு பந்துகளில் பத்தும் விழுந்தால் ஸ்பேர்; அதனுடன் அடுத்த ஒரு பந்தை மட்டும் கூட்ட வேண்டும். முதல் ஃப்ரேமில் ஸ்ட்ரைக், இரண்டாவதில் ஏழும் பிறகு மூன்றுமாக ஸ்பேர், மூன்றாவதில் ஒன்பது மட்டும் என்றால் கணக்கு 20, 39, 48 என்று ஏறும். திரையில் எண்கள் தாமாகவே வந்துவிடும் என்றாலும், ஓர் ஆட்டத்தையாவது கையால் எழுதிப் பார்ப்பவருக்கே இந்த விளையாட்டின் நுட்பம் பிடிபடும்.

ஏனென்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு ஃப்ரேமில் ஸ்ட்ரைக், அடுத்ததில் ஒன்பது வீழ்த்தி ஒன்றை விட்டுவிடுதல் என்று மாறி மாறி ஆடினால், ஐந்து ஸ்ட்ரைக் அடித்தும் அவருக்குக் கிடைப்பது 140 மட்டுமே. இன்னொருவர் ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாமல் பத்து ஃப்ரேமிலும் முதலில் ஒன்பது, பிறகு எஞ்சிய ஒன்று என்று ஸ்பேர் எடுத்து, கடைசிக் கூடுதல் பந்தில் ஒன்பது வீழ்த்தினால் 190 பெறுவார். அரங்கத்தில் கைதட்டல் முன்னவருக்குக் கிடைக்கும். பட்டியலில் பின்னவர் மேலே இருப்பார். எனவே ஸ்பேர் தவறிய ஃப்ரேம்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் அந்த வட்டங்களை எண்ணினாலே தரவரிசை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனிக் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு வருவோம். பந்து உருளும் பாதைதான் லேன். வீராங்கனை தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை அதன் நீளம் 60 அடி. அகலம் ஏறத்தாழ மூன்றரை அடி, அதாவது 39 மெல்லிய பலகைகள். அதன் முன்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். எண்ணெயின் மேல் பந்து வழுக்கிக்கொண்டு செல்லும். எண்ணெய் முடிந்த காய்ந்த பகுதியில் பிடிப்புக் கிடைத்து வளையும். அந்த வளைவுதான் ஹூக். பந்து எந்தப் பலகையிலிருந்து திரும்ப வேண்டும் என்பதற்கு ஆட்டக்காரர்களிடையே ஓர் எளிய கணக்கு உண்டு: எண்ணெய் எத்தனை அடியோ அதிலிருந்து 31ஐக் கழிக்க வேண்டும். 40 அடி எண்ணெய் என்றால் ஓரத்திலிருந்து ஒன்பதாவது பலகை. போட்டிக்கு முன் எண்ணெயின் நீளம் அறிவிக்கப்பட்டால் அதை நோட்டின் மேல் மூலையில் குறித்துக்கொண்டு, பந்து திரும்பும் இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த எண்ணெய் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதுதான் போட்டியின் உயிர்நாடி. ஒவ்வொரு பந்தும் சிறிது எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் முதல் ஆட்டத்தில் சரியாகப் போன பாதை மூன்றாவது ஆட்டத்தில் சீக்கிரமே வளைந்து, பந்து முதல் பின்னின் தவறான பக்கத்தில் மோதும். அப்போது வலக்கை வீராங்கனைகள் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்துவார்கள், அல்லது பந்தையே மாற்றுவார்கள். எனவே ஸ்ட்ரைக் விழுந்ததும் பின்களைப் பார்க்காமல் ஆடுபவரின் கால்களைப் பாருங்கள். முந்தைய பந்துக்கு எங்கே நின்றார், இப்போது எங்கே நிற்கிறார் என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். மூவர், ஐவர் அணிகளில் ஒருவர் ஆடித் திரும்பியதும் அடுத்தவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். இடக்கையினர் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவர்கள் பக்கத்து எண்ணெய் நீண்ட நேரம் கலையாமலிருக்கும். அது அவர்களுக்கு வரமாகவும் அமையலாம், சாபமாகவும் அமையலாம்.

முக்கோணமாக நிற்கும் பின்களை முன்வரிசையிலிருந்து தொடங்கி, இடமிருந்து வலமாக எண்ணுவார்கள். வலக்கையினருக்கு முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் இடைப்பட்ட இடமே பாக்கெட். அங்கே கச்சிதமாக நுழையும் பந்து தானாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மற்றவற்றைப் பின்களே ஒன்றையொன்று தள்ளி வீழ்த்துகின்றன. அதனால் நல்ல பந்துக்கும் வலது மூலையில் பத்தாவது பின் அசையாமல் நிற்பதுண்டு. அதை எடுக்கப் பெரும்பாலோர் அதிகம் வளையாத பிளாஸ்டிக் பந்தை எடுத்து, இடப்பக்கமிருந்து குறுக்காக நேர்கோட்டில் உருட்டுவார்கள். இந்த ஒரு பின்னை யார் எத்தனை முறை எடுத்தார் என்று தனிப் பத்தியில் எழுதி வந்தால், பதட்டம் யாரைப் பிடிக்கிறது என்பதும் தெரியும்.

மாஸ்டர்ஸில் கணக்கு சற்று மாறும். அங்கே ஒவ்வோர் ஆட்டமும் ஓர் எதிராளியுடன் நடப்பதால், வென்றவருக்குப் பின்களுடன் பத்துப் புள்ளிகள் கூடுதலாகச் சேரும். சமன் என்றால் ஐந்து. பதினாறு ஆட்டங்களுக்குப் பிறகு முதல் மூவர் மட்டும் எஞ்சுவர். மூன்றாமவர் இரண்டாமவருடன் மோதுவார். அதில் வென்றவர் முதலிடத்தவருடன் மோதுவார்.

அந்த இறுதி ஆட்டத்தின் பத்தாவது ஃப்ரேமில் ஸ்ட்ரைக் அடித்தால் மேலும் இரண்டு பந்துகளும், ஸ்பேர் எடுத்தால் மேலும் ஒரு பந்தும் கிடைக்கும். ஒருவர் 205இல் ஆட்டத்தை முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி ஒன்பதாவது ஃப்ரேமில் ஒரு பின்னை விட்டுவிட்டு 178இல் நிற்கிறார். வெல்வதற்கு அவருக்கு 28 தேவை. ஒரு ஸ்ட்ரைக்கும் ஒரு ஸ்பேரும் எடுத்தால் 20 மட்டுமே கிடைக்கும். ஆகவே இரண்டு ஸ்ட்ரைக்கும் அதன் பிறகு குறைந்தது எட்டுப் பின்களும் வேண்டும். அவர் பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே இந்த எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள்.