‘தண்ணி அடிக்காதே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: சிறப்புப் பிள்ளைகளுக்குச் சாராயம், புகையிலை பாடம்

ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாளன்று பள்ளியில் உறுதிமொழி எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் 5 பேரும் வரிசையில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வயது 13 முதல் 17. கையை நீட்டச் சொன்னதால் நீட்டினார்கள், அவ்வளவுதான். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் இது. வீட்டில் பீடி உண்டு, திருவிழாவில் சரக்கு உண்டு. சரி, நாமே தனியாகப் பாடம் எடுப்போம் என்று ஆரம்பித்தேன். முதல் வாரமே சொதப்பியது. அதிலிருந்து பிழைத்து வந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பட அட்டை செய்வது, சமூகக் கதை (ஓர் இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லும் குட்டிக் கதை) எழுதுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

படி 1: முதலில் வார்த்தையைச் சரிசெய்யுங்கள்

நான் விழுந்த குழி இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் வகுப்பில் “தண்ணி அடிக்கக் கூடாது, தண்ணி கெட்டது” என்றேன். ஆட்டிசம் உள்ள 15 வயதுப் பையன் ஒருவன் கவனமாகக் கேட்டான். பள்ளித் தோட்டத்துக்கு அடிகுழாயில் தினமும் நாலு வாளி தண்ணீர் அடிப்பது அவன் வேலை. அவனுக்குப் பெருமையான வேலையும்கூட. மறுநாள் குழாய்ப் பக்கமே போகவில்லை. வீம்பு பிடிக்கிறான் என்று எல்லாரும் நினைத்தோம். சாயந்தரம் அவன் அம்மா போன் செய்தார். “டீச்சர், நேத்துலருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குறான். கெட்டதாம். என்ன சொல்லிக் கொடுத்தீங்க?”

அப்போதுதான் உறைத்தது. நம் பேச்சில் தண்ணிக்கு இரண்டு பொருள். அடிப்பதற்கும் இரண்டு. ‘குடி’ இன்னும் மோசம். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற பலகையைப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருத்தி, முதல் சொல்லை ‘குடி’ என்று யாரோ ஏவுவதாக எடுத்துக்கொண்டாள். “புகை பிடிக்காதே” என்றபோது அதே பெண், “எனக்கும் புகை பிடிக்காது டீச்சர், கண்ணு எரியும்” என்றாள். புரிந்துவிட்டது என்று நோட்டில் நட்சத்திரம்கூடப் போட்டேன். அவள் சொன்னது வீட்டு விறகடுப்பை!

இப்போது நான் வைத்திருக்கும் சொற்கள் இரண்டே: சாராயம், போயிலை. பீர், பிராந்தி, கள் எல்லாமே சாராயம். பீடி, சிகரெட், சுருட்டு, குட்கா, உதட்டுக்குள் ஒதுக்கும் பொட்டலம் எல்லாமே போயிலை. பீரைச் சாராயம் என்பது சரியா என்று சக ஆசிரியர் ஒருவர் சண்டைக்கு வந்தார். வகைப்படுத்துவது அவர் வேலை. என் பிள்ளைகளுக்கு ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதும். ‘புகையிலை’ என்று சுத்தமாகச் சொல்ல வேண்டாம். வீட்டில் பாட்டி எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

படி 2: கார்ட்டூன் வேண்டாம், போட்டோ எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் வண்ணப் படங்களில் சிகரெட்டுக்குக் கண்ணும் பல்லும் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பொம்மை என்று நினைத்துவிடுவார்கள். போனில் நீங்களே உங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலச் சரத்தை, காலி குவாட்டர் பாட்டிலை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். பின்னால் வெல்க்ரோ ஒட்டினால் ஆயுசுக்கும் வரும்.

சிகரெட் பெட்டியின் இருபக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது 2016லிருந்து நடைமுறை. அந்தப் புற்றுநோய்ப் படத்தை வகுப்பில் காட்டாதீர்கள். ஒரு பிள்ளை பயந்து அலறியது. இன்னொருவன் அந்தப் பெட்டிகளைத் தெருவில் பொறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தான்.

படி 3: மூன்று தட்டு

பச்சைத் தட்டு: குடிக்கலாம், சாப்பிடலாம். மஞ்சள் தட்டு: அம்மாவோ டீச்சரோ கொடுத்தால் மட்டும். சிவப்புத் தட்டு: தொடாதே. தண்ணீர் பாட்டில், மோர், ஜிகர்தண்டா பச்சையில். மருந்து மஞ்சளில். சாராயம், போயிலை சிவப்பில்.

மஞ்சள் தட்டை விட்டுவிடாதீர்கள். முதலில் நான் இரண்டு தட்டுதான் வைத்தேன். வலிப்புக்கு சிரப் குடிக்கும் பையன், பாட்டிலில் இருக்கிறதே என்று அதைத் தள்ளிவிட்டான். வலிப்பு மருந்தை ஒரு வேளை விட்டாலும் ஆபத்துதானே. இதற்கு மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், தினம் 15 நிமிடம் போதும்.

படி 4: இன்றைக்கே தெரிகிற கேடு

“இருபது வருஷம் கழித்துப் புற்றுநோய் வரும்” என்பது, நாளைக்கும் நேற்றைக்கும் வித்தியாசம் குழம்பும் பிள்ளைக்குக் காற்றில் போகும் பேச்சு. கையில் படுவதைக் காட்டுங்கள்.

போயிலைக்கு: விறகடுப்பில் ஏற்றி இறக்கிய பானையைக் கொண்டுவாருங்கள். அதன் அடியில் ஈர வெள்ளைத் துணியால் பிள்ளையையே தேய்க்கச் சொல்லுங்கள். கரி ஒட்டும். “புகை போற இடமெல்லாம் இப்படித்தான்” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் போதும். பாட்டிலில் பஞ்சு வைத்து நிஜ சிகரெட்டைக் கொளுத்திக் காட்டும் சோதனை எனக்குப் பிடிக்காது. பள்ளிக்குள் எதற்குப் புகை? புகைப்பவரின் மூச்சுத் திணறலைக் காட்ட, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வதும் வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். வேகமாக மூச்சு வாங்கினால் சிலருக்கு வலிப்பும் வரும்.

சாராயத்துக்கு: எங்கள் பெண்பிள்ளைகள் மல்லிகைப்பூ நன்றாகக் கட்டுவார்கள். கட்டட வேலைக்குப் போடும் தடித்த கையுறையை மாட்டி, கட்டச் சொன்னேன். நார் நழுவுகிறது, பூ நசுங்குகிறது. “சாராயம் குடிச்சா கை இப்படித்தான், சொன்ன பேச்சைக் கேக்காது.” தெருவில் தள்ளாடி விழுபவரை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

படி 5: ‘வேண்டாம்’

உண்மையில் பாடமே இதுதான். யோசித்துப் பாருங்கள், பத்து வருடமாக நாம் இவர்களுக்கு என்ன பழக்கினோம்? கொடுத்ததை வாங்கு, சொன்னதைச் செய். வாங்கினால் ‘குட் பாய்’. பிறகு ஒருநாள் சித்தப்பா மகன் கோயில் திருவிழாவில் டம்ளரை நீட்டினால் அந்தப் பிள்ளை எப்படி மறுக்கும்?

அதனால் சாராயத்தில் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைக்கு நிஜமாகவே பிடிக்காததில் ஆரம்பியுங்கள். எங்கள் பையனுக்குப் பாகற்காய். நீட்டினேன், முகத்தைச் சுளித்தான். கையை முன்னால் காட்டி “வேண்டாம்” சொல்லவைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். பேச வராத பிள்ளைக்குச் சிவப்பு அட்டையைக் காட்டினால் போதும். முக்கியமானது, ‘வேண்டாம்’ சொன்னால் நாம் எடுத்துவிட வேண்டும். “ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சினால் அத்தனையும் வீண். மூன்றாவது வாரம் அவன் என் கணக்கு நோட்டைப் பார்த்தும் “வேண்டாம்” என்றான். அன்றைக்குக் கணக்கு இல்லை.

அப்புறம் ஆளை மாற்றுங்கள். என்னிடம் மறுத்தவன் சத்துணவு அக்கா கொடுத்ததும் வாங்கிக்கொண்டான். வாட்ச்மேன் அண்ணன், அக்கா பையன் என்று நாலைந்து பேரை வைத்து, இடத்தையும் மாற்றி நடிக்கவையுங்கள். காலிப் பாட்டில் போதும்.

பெற்றோரிடம் பேச

‘குடிக்கிறவர் கெட்டவர்’ என்று ஒருபோதும் சொல்லித்தராதீர்கள். பிள்ளை அதை அப்படியே அப்பா முகத்துக்கு நேரே சொல்லும், அடி வாங்கும். “சாராயம் உடம்புக்குக் கெட்டது” என்பதோடு நிறுத்துங்கள். அப்பா குடித்துவிட்டுச் சத்தம் போட்டால் எந்த வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும் என்பதற்கும் ஒரு போட்டோ அட்டை வையுங்கள். நிலைமை மோசம் என்றால் 1098, குழந்தைகள் உதவி எண்.

சளிக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு அது மயக்கத்தைக் கூட்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

தாத்தாவுக்குப் பீடி வாங்கிவர அனுப்புகிறார்களா? 2003 புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. தமிழ்நாட்டில் மதுவுக்கு வயது 21. விளையாட்டுக்குக்கூடப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தால், 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் 7 வருடம் வரை சிறை. இதை மிரட்டலாகச் சொல்லாமல், டீ குடிக்கும்போது சொல்வதுபோலச் சொல்லுங்கள். தாத்தாவே விட நினைத்தால் 1800 11 2356 இலவச எண்.

பின்சேர்க்கை

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: “சிவப்புத் தட்டில் சுருட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். கருப்பசாமிக்குச் சுருட்டும் பாட்டிலும் படைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாமி மட்டும் ஏன் என்கிறாள். என்ன சொல்ல?” நியாயமான கேள்வி. இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன்: “சாமிக்கு வெச்சது சாமிக்கு. எடுக்கிறது பூசாரி வேலை.” விதி என்று சொன்னால் கேள்வி வருவதில்லை. ஆனால் பிரசாதம் என்று யாராவது கையில் ஊற்றினால்? அதற்காக மூன்று தட்டில் ஒரு கோயில் செட் சேர்த்திருக்கிறேன். பச்சையில் திருநீறு, வாழைப்பழம், பொங்கல். சிவப்பில் சுருட்டு, பாட்டில். ஆடிக்கு முன்னால் பழக்கிவிடுங்கள்.