வயர்ஷார்க்ல இன்டர்ஃபேஸ் செட்டிங் மறந்து போகாம இருக்க என்ன பண்ணனும்

வயர்ஷார்க்ங்கறது நெட்வொர்க்ல போற பாக்கெட்ட, அதாவது டேட்டா துண்டுகள, பிடிச்சு காட்டுற டூல். அதுல ஒரு இன்டர்ஃபேஸுக்கு (வைஃபை, லேன் மாதிரி நெட்வொர்க் கனெக்ஷன்) கேப்சர் ஃபில்டர் (எந்த பாக்கெட்ட மட்டும் பிடிக்கணும்ங்கற விதி), பஃபர் சைஸ் (பிடிச்சத தற்காலிகமா வெக்கிற மெமரி அளவு) எல்லாம் போட்டு வேலைய முடிச்சிட்டு மறுநாள் திறந்தா எல்லாம் பழையபடியே நிக்குதுன்னு நெறைய பேர் கேக்குறாங்க. பெரும்பாலும் சேவ் ஆகாம போறதில்ல, நீங்க இப்ப பாக்குற எடத்துல இல்லாம வேற எடத்துல சேவ் ஆகியிருக்கும்.

மொதல்ல செட் பண்ற முறை. கேப்சர் மெனுல ஆப்ஷன்ஸ் தொறங்க, கண்ட்ரோல் கே அடிச்சாலும் வரும். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரு வரி இருக்கும், அதுல ப்ராமிஸ்குவஸ் (மத்தவங்களுக்கு போற பாக்கெட்டையும் பிடிக்கிறது), ஸ்னாப்லென் (ஒரு பாக்கெட்ல அதிகபட்சம் எத்தன பைட் பிடிக்கணும்), பஃபர், மானிட்டர் மோட் (வைஃபைல காத்துல போற எல்லாத்தையும் கேக்குறது), ஃபில்டர்னு தனித்தனி கட்டமா இருக்கும், டபுள் க்ளிக் பண்ணி மாத்திக்கலாம். ஸ்னாப்லென் டிஃபால்ட் 262144 பைட், பஃபர் 2 எம்பி. ட்ராஃபிக் அதிகமா இருந்து பாக்கெட் ட்ராப் ஆச்சுன்னா பஃபரை ஏத்துங்க, ஸ்னாப்லென்ன சும்மா விட்ருங்க. தேவையில்லாத இன்டர்ஃபேஸ மறைக்கணும்னா அங்கயே மேனேஜ் இன்டர்ஃபேசஸ் போய் டிக் எடுத்துடலாம். டிஃபால்ட் இன்டர்ஃபேஸ் எதுன்னு ப்ரிஃபரன்ஸஸ்ல கேப்சர் பக்கத்துல சொல்லிடுங்க.

இதெல்லாம் ப்ரிஃபரன்ஸஸ்ங்கற சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல போய் உக்காருது. ஃபைல் எங்க இருக்குன்னு ஹெல்ப், அபவுட், ஃபோல்டர்ஸ் டேப்ல தெரியும். கையால எடிட் பண்றதா இருந்தா வயர்ஷார்க்க மூடிட்டு பண்ணுங்க, இல்லன்னா அது மேலயே எழுதிடும்.

இப்ப ஏன் மறக்குதுன்னு பாப்போம். லினக்ஸ்ல நான் அதிகமா பாக்குறது சூடோ தான், அதாவது ரூட்டுங்கற அட்மின் யூசரோட பவர்ல ஓட்டுற கமாண்ட். ஒரு நாள் சூடோ போட்டு ஓட்டுனா செட்டிங் ரூட்டோட ஃபோல்டர்ல போய்டும், அடுத்த நாள் சாதா யூசரா திறந்தா உங்க ஃபோல்டர தான் படிக்கும், அதுல ஒண்ணும் இருக்காது. சூடோவே வேணாம், பாதுகாப்புக்கும் அது நல்லதில்ல, ஏன்னா யாரோ அனுப்புன பாக்கெட்ட ரூட் பவரோட பிரிச்சு படிக்கிறோம். டெபியன், உபுண்டுல வயர்ஷார்க் காமன் பேக்கேஜ ரீகான்ஃபிகர் பண்ணி ரூட் இல்லாதவங்களும் கேப்சர் பண்ணலாம்னு எஸ் குடுத்து, உங்க யூசர வயர்ஷார்க் குரூப்ல சேர்த்து, ஒருதடவ லாகவுட் பண்ணி வாங்க.

அடுத்து ப்ரொஃபைல், அதாவது பேர் வெச்சு தனியா சேவ் பண்ற செட்டிங் தொகுப்பு. ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி ப்ரிஃபரன்ஸஸ் ஃபைல், அதனால ஒண்ணுல மாத்துனது இன்னொண்ணுல வராது. கீழ வலது மூலைல எந்த ப்ரொஃபைல்னு பேர் இருக்கும், செட்டிங் மாத்துறதுக்கு முன்னாடி அத ஒரு பார்வை பாத்துக்கோங்க. வைஃபைக்கு ஒண்ணு ஆஃபீஸ் லேனுக்கு ஒண்ணுன்னு வேணும்னே பிரிச்சு வெச்சா ரொம்ப சௌகரியம்.

மூணாவது இன்டர்ஃபேஸ் பேர். செட்டிங் பேரோட தான் கட்டப்பட்டிருக்கு. வைஃபை கார்ட மானிட்டர் மோடுக்கு மாத்துற ஏர்மான் டூல் போட்டா டபிள்யூலேன்0ங்கறது டபிள்யூலேன்0மான்னு ஆயிடும், பழைய செட்டிங் அதுக்கு ஒட்டாது. விண்டோஸ்ல சில யூஎஸ்பி அடாப்டர வேற போர்ட்ல சொருகுனா புது ஐடி வந்துடும், அதே போர்ட்லயே வெச்சுக்கோங்க.