அசெம்பிளி கற்றுத்தர ஆள் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

"எனக்கு அசெம்பிளி கற்றுத்தர ஒரு மென்டார் வேண்டும்." இந்த ஒரு வரியை விஷயம் தெரிந்த நாலைந்து பேருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். (பிராசஸருக்கான கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழிதான் அசெம்பிளி; மென்டார் என்றால் வழிகாட்டி.) பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் "முதலில் ஏதாவது படியுங்கள்" என்பதோடு நின்றுவிடும். உடனே, லோ-லெவல், அதாவது மெஷினுக்கு நெருக்கமான, நிரல் எழுதுபவர்கள் எல்லாம் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சிலர் அப்படித்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் முக்கால்வாசி நேரம் கோளாறு கேட்ட விதத்தில்தான் இருக்கிறது.

அந்த வரியைப் பெறுபவர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சரி என்று சொன்னால் எத்தனை மாதம்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? எதிலிருந்து தொடங்குவது? எதுவும் தெரியாது. முன்பின் தெரியாத ஆளுக்கு எல்லையில்லாத வாக்குறுதி கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதே நபரிடம், "இந்த இருபது வரி நிரல் இந்த இடத்தில் பாதியில் நின்று விழுகிறது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேளுங்கள். அன்றைக்கே பதில் எழுதினாலும் எழுதிவிடுவார். இப்படிச் சில முறை நடந்துவிட்டால் அவர்தான் உங்கள் மென்டார். அந்தப் பெயரை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

எந்த மெஷின் என்று சொல்லாமல் கேட்பது

பைத்தான் கற்க வேண்டும் என்றால் யாருக்கும் குழப்பமில்லை. அசெம்பிளி அப்படியல்ல. இன்டெல், ஏஎம்டி கணினிகளின் எக்ஸ்86-64 ஒரு அசெம்பிளி. பெரும்பாலான மொபைல்களில் இருக்கும் ஆர்ம் இன்னொன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் மூன்றாவது. கருவிகளுக்குள் இருக்கும் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் சிப்களின் ஏவிஆர் மற்றுமொன்று. ஒன்றில் பத்து வருடம் ஊறியவர் மற்றொன்றில் உங்களைவிட ஓரிரு வாரம்தான் முன்னால் இருப்பார்.

பிராசஸர் ஒன்றாகவே இருந்தாலும் பிரச்சினை தீராது. 64-பிட் லினக்ஸில் ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும் முதல் முழு எண் ஆர்டிஐ ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) போகும். அதே கணினியில் விண்டோஸைப் போட்டால் ஆர்சிஎக்ஸில் போகும். எழுதும் முறையிலும் இரண்டு கட்சி உண்டு. இன்டெல் பாணியில், மதிப்பை நகர்த்தும் மூவ் கட்டளைக்குப் பிறகு, போய்ச்சேரும் இடம் முதலில் வரும். ஏடி அண்ட் டி பாணியில் கடைசியில் வரும். இது தெரியாமல் ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலைகீழாகப் படித்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது சர்வசாதாரணம்.

ஆகவே பிராசஸர், இயங்குதளம், அசெம்பிளர் (எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இந்த மூன்றும் முதல் செய்தியிலேயே இருக்க வேண்டும். "எக்ஸ்86-64, லினக்ஸ், நாஸ்ம்" என்று மூன்று சொல் போதும். இவை உங்களுக்கே தெரியாவிட்டால் இன்னும் மென்டார் தேடும் கட்டத்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

நான்காவதாக ஒன்றும் உண்டு: எதற்காக? வைரஸ் நிரல்களைப் பிரித்து ஆராய்வதற்கா, மைக்ரோகன்ட்ரோலரை ஓட்டுவதற்கா, இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுவதற்கா, நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரைக் கட்டுவதற்கா, மெதுவாக ஓடும் ஒரு லூப்பை வேகப்படுத்துவதற்கா? எஃப்எஃப்எம்பெக், டேவிட் போன்ற வீடியோ மென்பொருள்களில் இன்றைக்கும் கையாலேயே அசெம்பிளி எழுதுகிறார்கள். வேகம் அங்கே உயிர்நாடி. அந்த வேலை செய்பவர் வாழ்நாளில் கணினியைத் தொடங்கிவைக்கும் ஒரு பூட்லோடர்கூட எழுதாதவராக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே குரு என்று தேடினால் கிடைக்கமாட்டார்.

டீபக்கர் சொல்லவேண்டியதை மனிதரிடம் கேட்பது

என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுதான் ஆட்களை விரட்டுகிறது. டீபக்கர் என்பது நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, எங்கே பிசகுகிறது என்று பார்க்க உதவும் கருவி.

ஓர் உதாரணம். 64-பிட் லினக்ஸில் ஒருவர் அசெம்பிளியில், நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷனை எழுதி, அதிலிருந்து சி நூலகத்தில் எழுத்தை அச்சிடும் பிரின்ட்எஃப்பை அழைக்கிறார். அனுப்பவேண்டியவற்றைச் சரியான ரெஜிஸ்டர்களில்தான் வைத்திருக்கிறார். ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தவறான மெமரி அணுகல் என்று நிரல் நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் பலரும் அனுப்பும் செய்தி: "பிரின்ட்எஃப் வேலை செய்யவில்லை, ஏன்?" கூடவே மொபைலில் எடுத்த திரைப் படம் ஒன்று, சாய்வாக.

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மறுமுனையில் இருப்பவர் படத்தைப் பார்த்து நிரலைத் தட்டி, ஓட்டி, விழவைத்துப் பார்க்க வேண்டும். யார் செய்வார்? ஜிடிபி டீபக்கரோ நொடியில் பாதி விடையைத் தந்துவிடும். நிரலை அதற்குள் ஓட்டினால் விழுந்த கட்டளையிலேயே நிற்கும். என்ன கட்டளை என்று கேட்டால் மூவ்ஏபிஎஸ் என்று காட்டும். 16 பைட்டை ஒரே மூச்சில் நகர்த்தும் கட்டளை அது. தொடும் மெமரி முகவரி 16-ஆல் வகுபடாவிட்டால் பிராசஸர் அங்கேயே கையை விரித்துவிடும். முகவரியைப் பார்த்தால் ஹெக்ஸ் எண்ணில் கடைசி இலக்கம் 8. அது 0 ஆக இருந்திருக்க வேண்டும்.

இதுவரை மெஷினே சொல்லும். ஏன் 8 ஆனது என்று அது சொல்லாது. லினக்ஸில் நடைமுறையில் இருக்கும் சிஸ்டம் ஃபைவ் ஏபிஐ என்ற ஒப்பந்தத்தின்படி, ஒரு ஃபங்ஷனை அழைக்கும் கணத்தில், ஸ்டாக்கின் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரி பகுதி) உச்சியைக் காட்டும் ஸ்டாக் பாயின்ட்டர் 16-இன் மடங்காக இருக்க வேண்டும். அழைக்கும் கால் கட்டளையோ, திரும்பிவர வேண்டிய முகவரியை 8 பைட்டாக ஸ்டாக்கில் தள்ளிவிடுகிறது. எனவே மெயினுக்குள் நுழையும்போதே கணக்கு 8 பிசகியிருக்கும். ஸ்டாக் பாயின்ட்டரில் இன்னொரு 8-ஐக் கழித்துச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும். சாதாரண கட்டளைகளுக்கு இந்த அலைன்மென்ட் (முகவரி 16-இன் மடங்காக இருப்பது) அவசியமே இல்லை. கம்பைலர்களும் நூலகங்களும் ஒன்றையொன்று நம்பி வாழ மனிதர்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு இது. அதனால்தான் அதே நிரல் வேறொரு கணினியில், வேறு நூலகப் பதிப்போடு, ஒரு முனகலும் இல்லாமல் ஓடிவிடும். புதிதாக வருபவரின் தலை சுற்றுவது இந்த இடத்தில்தான்; மென்டார் தேவைப்படுவதும் இங்கேதான்.

அப்படியானால் செய்தி எப்படி இருக்கலாம்? "எக்ஸ்86-64, லினக்ஸ், நாஸ்ம். மெயினிலிருந்து பிரின்ட்எஃப்பை அழைத்தால் உள்ளே மூவ்ஏபிஎஸ் கட்டளையில் விழுகிறது. அது தொடும் முகவரி 8-இல் முடிகிறது. அலைன்மென்ட் பிரச்சினை மாதிரித் தெரிகிறது. ஆனால் நான் ஸ்டாக்கைத் தொடவே இல்லையே, எப்படிப் பிசகியது?" நிரலை எழுத்தாகவே கீழே ஒட்டியிருக்க வேண்டும். இதைப் படிக்கும் அனுபவசாலிக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிடும்: விடை என்ன என்பது ஒன்று, இந்த ஆளுக்காக நேரம் செலவிட்டால் வீண்போகாது என்பது இன்னொன்று.

கம்பைலர் விஷயத்திலும் இதே கதைதான். "சி-யில் எழுதிய இந்த லூப் அசெம்பிளியில் எப்படி இருக்கும்?" என்று ஆளைக் கேட்கவே வேண்டாம். கம்பைலர் எக்ஸ்புளோரர் தளத்தில் சி நிரலை ஒட்டினால் பக்கத்திலேயே அசெம்பிளி வந்து நிற்கும். பெருக்கல் இருக்க வேண்டிய இடத்தில் கம்பைலர் ஏன் முகவரி கணக்கிடும் லீ கட்டளையைப் போட்டிருக்கிறது என்று கேட்டால், அது கேள்வி.

பெரிய பெயர்களைத் துரத்துவது

கெர்னலில் புகழ்பெற்றவர், கம்பைலர் ஜாம்பவான் என்று தேடிப்பிடித்து எழுதுவதில் பலன் குறைவு. அவர்களுக்கு நேரமில்லை என்பது ஒருபுறம். ஆரம்பத்தில் எது புரியாது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும் என்பது மறுபுறம். உங்களைவிட ஓரிரு வருடம் முன்னால் இருப்பவர் நேற்றுத்தான் அதே ஸ்டாக்கில் சறுக்கி எழுந்திருப்பார். அவர் போதும்.

எங்கே இருக்கிறார்கள்? உங்கள் அலுவலகத்திலேயே ஃபர்ம்வேர் (சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருள்) எழுதும் அணி இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். எக்ஸர்சிஸம் என்ற இலவசத் தளத்தில் எக்ஸ்86-64 அசெம்பிளிக்குத் தனிப் பயிற்சி வரிசை இருக்கிறது. எழுதிய விடையைத் தன்னார்வலர்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வழியும் உண்டு. ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினால் அதைப் பரிசீலிப்பவர் வரிவரியாகக் குறை சொல்வார். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், ஆனால் இவ்வளவு கவனமாக உங்கள் நிரலைப் படிக்கும் ஆள் காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்கமாட்டார். புதியவர்கள் ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க உதவும், 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் எல்எல்விஎம் (கம்பைலர்), கியூஎமு (கணினி எமுலேட்டர்) போன்றவை பங்கேற்றிருக்கின்றன. தேர்வானவர்களுக்கு மென்டார் முறைப்படியே அமைவார்.

எந்தக் காலத்து அறிவு என்று பார்க்காதது

இன்டெலின் 8086 பிராசஸர் வந்தது 1978-இல். அந்தக் காலத்து 16-பிட் டாஸ் இயங்குதளப் பாடங்கள் இன்னமும் கற்பிக்கப்படுகின்றன. அடிப்படை புரிய அவை போதும், குறையே சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் இலக்கு 64-பிட் லினக்ஸ் என்றால் மென்டாரும் அங்கே வேலை செய்தவரா என்று பாருங்கள். பழைய 32-பிட் பழக்கத்தில், கெர்னலை அழைக்க இன்ட் 80 (ஹெக்ஸ்) கட்டளையைப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலான 64-பிட் லினக்ஸ் கணினிகளில் இன்றும் ஓடும், அதுதான் வம்பே. முகவரியின் கீழ்ப்பாதி 32 பிட் மட்டுமே கெர்னலுக்குப் போய்ச்சேரும். டேட்டா பகுதியில் இருக்கும் சரத்தை (எழுத்துத் தொடரை) அச்சிடும்போது முகவரி சிறியது என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஸ்டாக்கில் இருக்கும் சரத்தைக் கொடுத்தால் திரையில் ஒன்றும் வராது, நிரலும் விழாது. 64-பிட்டுக்கான சிஸ்கால் கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அழைப்பு எண்களே மாறிவிடும்: அச்சிடும் ரைட் அழைப்புக்கு இன்ட் 80-இல் 4, சிஸ்காலில் 1.

இன்னும் சில

கேட்டதுமே முழு நிரலையும் எழுதிக் கொடுத்துவிடுபவர் நல்ல மனிதர், ஆனால் மென்டார் அல்ல. ஏஐ எழுதித் தந்ததை ஒட்டிவிட்டு "ஏன் ஓடவில்லை?" என்று கேட்பது, நீங்களே படிக்காததை அவரைப் படிக்கச் சொல்வது. பாயின்ட்டர் (மெமரி முகவரியைத் தாங்கும் மாறி) புரியவில்லை என்பதை மறைக்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரு மென்பொருளின் லைசென்ஸ் பூட்டை உடைக்க உதவி கேட்டால் தொழில்முறை ஆட்கள் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அப்புறம், சொன்ன யோசனை வேலை செய்ததா இல்லையா என்று திரும்பி வந்து சொல்லாமல் இருப்பது. இது எல்லாத் துறையிலும் உள்ள வியாதி.

ஒருவர் சம்மதித்துவிட்டால் "வாழ்நாள் குரு" பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு ஒரு சின்ன வேலை என்று பேசிக்கொள்ளுங்கள். நூலகத்தின் உதவியில்லாமல் ஓர் எண்ணைத் தசம எழுத்துகளாக மாற்றி அச்சிடும் நிரல் நல்ல ஆரம்பம். பத்தால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். வகுக்கும் டிவ் கட்டளைக்கு முன், வகுபடும் எண்ணின் மேல்பாதியை வைத்திருக்கும் ஆர்டிஎக்ஸைப் பூஜ்யமாக்க மறப்பீர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் மறக்கிறார்கள். தசமப் புள்ளியே இல்லாத நிரலில் லினக்ஸ் "ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்" என்று சொல்லி நிறுத்திவிடலாம். முதல் கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம், டீபக்கரைத் திறந்து பார்த்த பிறகு.